பேய் உருவம் கேட்ட காரைக்கால் அம்மையாரை சினிமா ஏன் பாட்டியாக்கியது?

ஆனி பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் மாங்கனித் திருவிழா. தருமபுரம், கோட்டுச்சேரி, திருநள்ளாறு என்று சுற்றுவட்டாரமே திரண்டு வந்து, பிச்சாண்டவர் வீதியுலாவில் வீசப்படும் மாம்பழத்தைப் பிடிக்கக் காத்து நிற்கும். அதற்கு முன்னால் நடப்பது திருக்கல்யாணம். அதில் புனிதவதியார் பட்டும் நகையும் பூவுமாக மணப்பெண். ஆனால், அந்த அலங்காரத்தையெல்லாம் கழற்றிப் போட்ட பிறகுதான் அவர் காரைக்கால் அம்மையார் ஆனார்.

கதை சுருக்கமாக: கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்குக் கொடுத்துவிடுகிறார் புனிதவதி. கணவன் இன்னொன்று கேட்க, சிவன் அருளால் பழம் கைக்கு வருகிறது. மிரண்டுபோன கணவன் கப்பலேறிப் போய், பிறகு பாண்டிய நாட்டில் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். தேடி வந்த மனைவியின் காலில் விழுகிறான். ‘இவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எதற்கு?’ என்று சிவனிடம் பேய் உருவம் கேட்டு வாங்குகிறார் அவர்.

அந்தப் பேய் எப்படி இருக்கும்? திருவாலங்காட்டுப் பதிகத்தில் அம்மையாரே ஒரு பெண்பேயை வர்ணிக்கிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, செம்பட்டை முடி, நீண்ட பல். ஒரு காஸ்ட்யூம் டிசைனருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது! சோழர் காலச் சிற்பிகள் துணிந்து அப்படியே வடித்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலச் சிலையைக் கூகுளில் தேடிப் பாருங்க. மெலிந்து ஒடுங்கிய உடம்பு, தொங்கிய மார்பு, கையில் தாளம், முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

1973-ல் ஏ.பி.நாகராஜன் ‘காரைக்கால் அம்மையார்’ எடுத்தபோது அந்த உடம்பு திரைக்கு வரவில்லை. அவர் வேடத்தை இரண்டாகப் பிரித்தார். இளம் புனிதவதி லட்சுமி (கணவர் முத்துராமன்), உருமாறிய அம்மையார் கே.பி.சுந்தராம்பாள். டிவியில் பார்த்தவங்களுக்குத் தெரியும், எலும்பும் நரம்புமான உருவம் அல்ல அது. கம்பீரமான ஒரு பாட்டி.

இந்த ஃபார்முலா புதுசும் இல்லை. ஜெமினியின் ‘அவ்வையார்’ (1953) படத்திலும் கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்பவர் இளம்பெண்ணாக நடித்த குசலகுமாரி. முதுமை வந்ததும் திரையில் இருப்பவர் கே.பி.எஸ். வெள்ளை முடி, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். அந்தத் தோற்றம் அப்படியே மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) இரண்டிலும் நாகராஜனே அவரை மறுபடி அவ்வையாக்கினார். ஆக, 1973-ல் தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது பாதி அம்மையார், பாதி அவ்வை. அவர் வாயைத் திறந்து பாடினால் போதும், வேஷத்தை யார் கவனிப்பார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால், இரண்டு பெண்களும் கேட்டது ஒன்றல்ல. அவ்வை கேட்டது முதுமை, அதற்கு ஊரில் மரியாதை உண்டு. அம்மையார் கேட்டது பார்ப்பவர் பயந்து ஓடும் உருவம். நரைத்த விக் முதலாவதைச் சொல்லிவிடும், இரண்டாவதைச் சொல்லாது. கோயில் சிற்பி காட்டிய அந்த வெற்று மார்பைச் சென்சாரும் விடாது, குடும்பத்தோடு வரும் கூட்டமும் தாங்காது என்பது என் கணிப்பு. பெண் அழகைத் துறக்கலாம், ஆனால் அசிங்கமாகத் தெரியக் கூடாது. சினிமாவின் கணக்கு அது.

இதில் ஒரு விசித்திரம், அலங்காரத்தைத் துறப்பது கே.பி.எஸ்.ஸுக்கு வெறும் நடிப்பல்ல. 1933-ல் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக ஆண் வேடமே போட்டார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்துப் பெரிய பேச்சு. கவுந்தியடிகளாக ‘பூம்புகார்’ (1964) படத்தில் வந்ததும் துறவிக் கோலத்தில்தான்.

அடுத்த முறை சிவன் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையைக் கடக்கும்போது கொஞ்சம் நில்லுங்க. எல்லோரும் நிற்க, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். மெலிந்த உடம்பு, கையில் தாளம். லட்சுமியும் இல்லை, கே.பி.எஸ்.ஸும் இல்லை. அவர்தான் அம்மையார்.