முந்திரிக் கணக்கும் அரும்பு நிலையும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்தியதும் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போகும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று மனப்பாடம் நீளும். ஒரு பாடம் வாயில் நின்ற பிறகே வாத்தியார் அடுத்ததைத் தொடங்குவார். ஐந்து வயதும் பத்து வயதும் ஒரே திண்ணையில்தான், ஆனால் ஆளுக்கொரு பாடம். பெரிய பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியில் நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797-இல் அதை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர்.

அந்தக் காலத்துக் கணக்குப் பாடம் இன்றைய பெற்றோரைத் திகைக்க வைக்கும். எண்சுவடியில் முழு எண்களை அடுத்து உடனே பின்னங்கள். 1/320 என்பது முந்திரி, 1/80 காணி, 1/20 மா. இவற்றை அடுக்கடுக்காகக் கூட்டி மனத்தில் ஏற்றுவது பொன்னிலக்கம். உழக்கு, நாழி, குறுணி, கலம் என்று முகத்தலளவை படிப்பது நெல்லிலக்கம். நிலத்தின் பரப்பைக் கணக்கிடக் குழிமாத்து. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் வரி போடவும் ஊருக்கு எது வேண்டுமோ, அதுவே பாடத்தின் வரிசையையும் வகுத்தது. இன்று அரை, கால் என்று பின்னத்தைத் தொடவே பிள்ளை சில வகுப்புகள் ஏற வேண்டும்.

ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? 1826-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 1.28 கோடி மக்களுக்கு 12,498 பள்ளிகள். பெண்பிள்ளைகள் அரிது. தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணையேற முடியவில்லை. இதைச் சொல்லாமல் பழம்பெருமை பேச எனக்கு மனம் வராது.

பிறகு அச்சிட்ட பாடநூல், வயதுக்கு ஒரு வகுப்பு, ஆண்டுத் தேர்வு எல்லாம் வந்தன. 1957-இல் நயா பைசாவும், அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்ததும் பழைய அளவைகளுக்குப் பாடத்தில் வேலை இல்லாமல் போனது. பள்ளிக் கதவு அகலத் திறந்தது. அது பெரிய நன்மை. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதை மாற்றத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஏணிப்படியாக அடுக்கிய அட்டைகள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒன்று முதல் நான்கு வரையுள்ள வகுப்புகள் பாயில் கலந்து உட்காருதல். அகரவரிசைக்குக் காத்திராமல் ட, ப, ம போன்ற எளிய கோட்டெழுத்துகள் முன்னே வந்தன. சில ஆண்டுகளிலேயே அது மாநிலம் முழுவதும் பரவியது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால், ஒன்றாம் வகுப்பில் ஒரு நாளும் உட்காராத பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அந்தந்த நிலைக்கே பாடம்.

இந்தப் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்காமல் பாடம் நடத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். திண்ணை வாத்தியார் தம்மிடம் வந்த சிலருக்கு அதைச் செய்தார். இப்போதோ சாதியும் பாலினமும் பாராமல் வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்தாக வேண்டும். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள சிற்றூர்ப் பள்ளியில் மூன்று நிலைகளுக்கும் பாடம் நடத்தி, மதிப்பீட்டைச் செல்பேசிச் செயலியில் பதிவதும் அவர்கள் வேலையே. அந்தப் பள்ளிக்கு முதலில் தேவை மூன்றாவது ஓர் ஆசிரியர்.