அளந்த பின்பே அழகு

சித்திரை, வைகாசி மாதங்களில் சித்தூரிலும் திருப்பதியிலும் மேற்குப் பார்த்த சாளரத்தின் வழியே வரும் பிற்பகல் வெயிலை நாம் நன்கு அறிவோம். அதைத் தடுக்க இப்போது பலரும் நாடுவது ரோமன் பிளைண்ட் எனப்படும் மடிப்புத் திரை. கயிற்றை இழுத்தால் அடுக்கடுக்காக மடிந்து மேலேறும்; இறக்கினால் சுருக்கமின்றித் தட்டையாக விரியும். சுருக்கு வைத்த திரைச்சீலைக்குச் சாளர அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு துணி வேண்டும். இதற்கு அவ்வளவு தேவையில்லை.

தட்டையாக விரிவதால் சித்திரத் துணிக்கு இது மிகப் பொருத்தம். திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி, 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கருமையால் மூங்கில் எழுதுகோல் கொண்டு வரைகிறார்கள். இதே பெயரில் அச்சுத் துணிகளும் விற்பனையாவதால், கையால் வரைந்ததுதானா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இத்தகைய துணியொன்றை நாங்கள் ஆசையோடு வாங்கி, சாளரத்தின் மேற்புறத்தை மட்டும் அளந்து தைக்கக் கொடுத்தோம். கீழ்ப்புறம் அரை அங்குலம் குறுகியிருந்தது. திரை பாதியிலேயே சிக்கிக்கொண்டது. பிழை எங்களுடையது. பல நாள் கைவேலை இன்று மேசை விரிப்பாகக் கிடக்கிறது.

ஆகவே, சட்டத்துக்குள் பொருத்துவதாயின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலத்தை அளந்து, குறைந்த அளவையே கொள்ள வேண்டும். கொடுப்பது சாளரத்தின் அளவா, தைத்து முடிந்த திரையின் அளவா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கதவுகள் உட்புறம் திறக்குமாயின் திரை இடிக்குமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். இயற்கைச் சாயம் வெயிலில் மங்கும். பின்புறம் தடித்த உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லலாம்.

குழந்தைகள் உள்ள இல்லத்தில் தொங்கும் கயிறு கழுத்தில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறில்லாத வகையைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. இயலாதெனில் கயிற்றை எட்டாத உயரத்தில் கொக்கியில் சுற்றிவைத்து, கட்டிலையும் நாற்காலியையும் சாளரத்திலிருந்து தள்ளிப் போட வேண்டும்.

முன்பணம் கொடுக்கும்போது அளவு, துணி, உள்துணி, கயிற்று வகை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குவோம். நம் அளவுக்கென வெட்டிய துணியைக் கடைக்காரர் வேறொருவருக்கு விற்க இயலாது. எனவே, கத்தரி படுமுன் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்போம்.