தூணுக்குக் கல் தந்த ஊர்

செக் குடியரசின் ஓலொமோட்ஸ் நகரச் சதுக்கத்தில் 35 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது மூவொரு இறைவன் தூண். 1714 முதல் 1716 வரை மொராவியா வட்டாரத்தை வாட்டிய கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றிக்கடனாகக் கட்டியது. மூன்று அடுக்குகளில் 18 புனிதர் சிலைகள், உச்சியில் பொன்முலாம் பூசிய செப்புச் சிலைகள், உள்ளே ஒரு சிற்றாலயம். பார்வையை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், தூணின் உடம்பில் பாதி புதைந்த ஒரு பொன்னிறக் குண்டு தட்டுப்படும். 1758-ல் பிரஷ்யப் படை நகரை முற்றுகையிட்டபோது பீரங்கிக் குண்டுகள் தூணையும் பதம் பார்த்தன. நகர மக்கள் ஊர்வலமாகப் போய், ஜேம்ஸ் கீத் என்ற எதிரித் தளபதியிடமே "எங்கள் தூணைச் சுடாதீர்கள்" என்று மன்றாடினார்கள், அவரும் இணங்கினார். அதன் நினைவாகப் பிறகு பதித்ததுதான் அந்தக் குண்டு.

தூணைக் கட்டியவர்களின் கதையும் நெஞ்சைத் தொடுவது. 1716-ல் வேலையைத் தொடங்கிய வாட்ஸ்லாவ் ரெண்டர், தன் சொத்தையெல்லாம் இந்தத் தூணுக்கே எழுதிவைத்துவிட்டு 1733-ல் இறந்துபோனார். சிற்பி ஃபிலிப் சாட்லர் சில சிலைகளை மட்டும் முடித்துவிட்டு மறைந்தார். அவர் இடத்துக்கு வந்த ஒன்ட்ரெய் ஸானரும் 1752-ல் போய்ச் சேர்ந்தார். 1754-ல் பேரரசி மரியா தெரேசா முன்னிலையில் அர்ச்சிப்பு நடந்தபோது தொடங்கியவரும் இல்லை, செதுக்கியவர்களும் இல்லை. "இதில் உழைத்த கலைஞர்கள் அத்தனை பேரும் எங்கள் நகரத்தார்" என்று ஓலொமோட்ஸ் பெருமைப்படுகிறது. 2000-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல் அந்த நகரத்தில் விளையவில்லை.

வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, ஷும்பெர்க் மாவட்டத்துக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது மலெட்டீன். மக்கள்தொகை நானூறு பேர் அளவுதான். தூணின் கல் இந்த ஊர் மண்ணிலிருந்து போனது.

ஊரைச் சுற்றியுள்ள மணற்கல் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல். அது இறுகிக் கல்லாகிப் பிறகு தரைக்கு மேல் வந்தது. உடைத்த பரப்பைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே லேசாகப் பச்சை ஓடும். கிளாக்கோனைட் என்ற கனிமம் அது. பெரும்பாலும் கடலில் படிந்த பாறைகளில்தான் காணக்கிடைக்கும். கடலே இல்லாத மொராவியாவில், ஒரு குன்றின் வயிற்றில் கடலின் அடையாளம்.

இந்தக் கல்லின் அருமை அதன் சீரான மணியில் இருக்கிறது. மணி பொடியாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் கல் ஒத்துக்கொள்ளும். புனிதரின் விரல் நுனியையும் அங்கி மடிப்பின் விளிம்பையும் சிதறாமல் எடுக்கலாம். அதோடு, மணற்கல்லுக்கே உரிய ஒரு குணமும் உண்டு: பூமியிலிருந்து எடுத்த புதிதில் அதற்குள் ஈரம் இருக்கும், அப்போது வெட்ட இளகிக்கொடுக்கும். ஈரம் வற்ற வற்ற, அதில் கரைந்திருந்த தாதுக்கள் மேற்பரப்புக்கு வந்து படிந்து கல் கெட்டிப்படும். அதனால் குவாரியிலேயே கல்லை ஓரளவு உருவம் பிடித்து வெட்டிவிடுவது வழக்கம். சுமையும் குறையும், உளியும் தேயாது.

எந்திரம் வருவதற்கு முன்னால், ஒரு பாளத்தைப் பாறையிலிருந்து பிரிப்பது பொறுமையின் வேலை. முதலில் மேல்மண்ணையும் சிதைந்த கல்லையும் அள்ளி எறிய வேண்டும். பிறகு பாறையில் இயல்பாகவே ஓடும் பிளவுகளைத் தேட வேண்டும். பிளவு இல்லாத இடத்தில் வரிசையாகக் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றை மட்டும் ஓங்கி அடித்தால் பாளம் குறுக்கே விண்டு பாழாகும். சத்தம் கணீரென்று இருக்கும்வரை கல் பிடிவாதமாக இருக்கிறது என்று பொருள். சத்தம் மழுங்கினால் உள்ளே பிளவு ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் காதுப் பழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வேலையிடத்திலேயே வந்தது. பிரித்த பாளத்தை வண்டியிலேற்றி, மேடும் பள்ளமுமான பாதையில் நகரம்வரை கொண்டுசேர்த்ததும் லேசான காரியம் இல்லை. ரயில் வருவதற்கு நூறாண்டுக்கு முந்தைய காலம் அது.

மணற்கல் உயிரையும் வாங்கியது. அதன் தூள் பெரும்பாலும் குவார்ட்ஸ். உலர்ந்த கல்லைச் செதுக்கும்போது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். சிலிகோசிஸ் என்று நாம் சொல்லும் அந்த நோய், ஐரோப்பாவின் மணற்கல் வட்டாரங்கள் பலவற்றிலும் கல்தச்சர்களை அகாலத்தில் கொண்டுபோயிருக்கிறது. தேவாலய வாசல்களையும் தூண்களையும் கண்டு வியக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

மலெட்டீனின் மக்கள் ஜெர்மன் பேசியவர்கள். 13-ம் நூற்றாண்டில் இந்த வட்டாரக் காடுகளைத் திருத்திக் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். ஊரை அவர்கள் மோலெட்டைன் என்றார்கள். 1938-ல் மியூனிக் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து சுடேடன்லாந்து என்ற பெயரில் இந்தப் பகுதியை ஹிட்லரின் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள், மலெட்டீனும் காலியானது. நாஜி ஆக்கிரமிப்பில் செக் மக்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் கிழவர்களையும் குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளோடு வண்டியேற்றியதை நீதி என்று என்னால் எழுத முடியவில்லை. வீடுகளுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். எந்த அடுக்கில் நல்ல கல் கிடைக்கும், எந்தப் பிளவு ஏமாற்றும் என்ற அறிவை வீட்டுச் சாவியோடு கைமாற்றிவிட முடியாது.

இதே நாட்டில் ஹொர்ஷிட்சே என்ற சிற்றூருக்கு வேறு விதி வாய்த்தது. அங்கும் மணற்கல்தான் பிழைப்பு. 1884-ல் அங்கே கல்தச்சு, சிற்பக்கலைப் பள்ளி தொடங்கியது, இன்றும் நடக்கிறது. 1966-ல் சர்வதேச மணற்கல் சிற்பிகள் முகாம் ஒன்றும் அங்கே தொடங்கியது. செக் மொழி பேசும் ஊர் என்பதால் போருக்குப் பின் குடி பெயரவில்லை. அறிவும் வீட்டுக்குள் அடைபடாமல் பள்ளிக்கூடம் ஏறிவிட்டது. மலெட்டீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இது பழங்கதை பேசுவதற்காகச் சொல்வது அல்ல. மணற்கல் நோய்வாய்ப்படும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து அரிக்கும். மேலே கரும்பொருக்கு கட்டும். அது உதிரும்போது சிலையின் முகமும் சேர்ந்து உதிரும். ஓலொமோட்ஸ் தூணை 1999 முதல் 2001 வரை முழுமையாகப் புதுப்பித்தார்கள். இன்னும் ஐம்பது, நூறு ஆண்டுகளில் மறுபடியும் கை வைக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது நிறமும் மணியும் நீரை உறிஞ்சும் அளவும் ஒத்துப்போகும் கல் வேண்டும். ஒவ்வாத கல்லை வைத்து ஒட்டுப்போட்டால் பக்கத்திலுள்ள பழைய கல்லும் சீக்கிரம் கெடும்.

எனவே மலெட்டீனின் பழைய குவாரிகளையும் தூணின் ஒரு பகுதியாகவே கருதிக் காக்க வேண்டும். அங்கே நான்கு இளைஞர்களுக்காவது கல்லைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஓலொமோட்ஸ் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், தூணைப் பார்த்த கையோடு அரை நாள் ஒதுக்கி மலெட்டீனுக்கும் போய் வாருங்கள்.