வானம் பொய்த்தாலும் பரீட்சை பொய்க்காது!

விருதுநகர் ஜில்லா என்றதும் நினைவுக்கு வருவது என்ன? வெயில்! கரிசல் மண்! தீப்பெட்டி, பட்டாசு!

இன்னொன்றும் உண்டு. அதுதான் பரீட்சை.

2018-ம் ஆண்டு பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்தது. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 91 பேர் பாஸ். விருதுநகர் ஜில்லாவில் நூற்றுக்கு 97 பேர் பாஸ்! மாநிலத்திலேயே முதல் இடம். 2023-ல் மறுபடியும் முதல் இடம்!

இனி வேடிக்கையைக் கேளுங்கள். அதே 2018-ம் ஆண்டு ஜனவரியில், பின்தங்கிய ஜில்லாக்களை முன்னேற்ற மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டில் இருந்து இடம் பெற்றவை இரண்டே ஜில்லாக்கள். ஒன்று ராமநாதபுரம். மற்றொன்று விருதுநகர்!

முதல் பெஞ்சிலும் அதே பையன். கடைசி பெஞ்சிலும் அதே பையன்! இது எப்படி?

பிடி அரிசி

வறண்ட பூமி அது. நிலத்தை நம்பிப் பயன் இல்லை என்று கண்டவர்கள் வியாபாரத்தையும் படிப்பையும் நம்பினார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து, அதை விற்ற காசில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன், வறுமையால் பாதியில் நின்றான். அவர்தான் காமராஜர்! 1954-ல் முதல்-அமைச்சர் ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார்.

மேற்கே மலையடிவாரத்தில் இருக்கின்றன ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். 2011 கணக்குப்படி இரண்டு ஊரிலும் சேர்த்து ஜனத்தொகை 2 லட்சத்து 5 ஆயிரம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோவில், தேர், பால்கோவா. ஆனால் அங்கே 1875-லேயே ஒரு பொது நூலகம் வந்துவிட்டது தெரியுமா? பென்னிங்டன் நூலகம் என்று பெயர். ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா. சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர். குடியிருந்த சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம்.

மில் சங்கு

ராஜபாளையத்தில் 1936-ல் நூல் மில் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மில்கள். பக்கத்தில் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். வேலைக்குப் பஞ்சம் இல்லை. கஷ்டமும் அதில்தான்! கூலி கையில் விழுந்தால் புத்தகம் கையை விட்டுப் போகும். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. சட்டம் பாதி வேலை செய்தது. மீதியை மதிய சாப்பாடும், வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்த வாத்தியார்களும் செய்தார்கள்.

இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள்தான். இருக்கும் ஒன்றையாவது நன்றாகப் படிக்க வைப்போம் என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் பெற்றோர்கள். அரசாங்கப் பள்ளியிலோ படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், ஐந்தாம் வகுப்பு வரை காலைப் பலகாரமும் உண்டு! அங்கே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் இதையும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

கணக்கில் வராதவர்கள்

நூற்றுக்கு 97 என்பது பரீட்சை எழுதியவர்களின் கணக்கு. எட்டாவதில் நின்று மில்லுக்குப் போனவன் அதில் இல்லை. பத்தாவதோடு கல்யாணம் முடிந்து போன பெண்ணும் இல்லை. முதல் இடத்துக்கும் பின்தங்கிய பட்டியலுக்கும் நடுவே நிற்பவர்கள் இவர்கள்தான்.

பரீட்சை எழுதித் தவறிய மூன்று பேருக்குக் கதவு அடைபடவில்லை. தவறிய பாடத்தை மட்டும் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வாக எழுதலாம். படித்த பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்தாலே விவரம் சொல்வார்கள். முடிவு வந்த வாரத்திலேயே போக வேண்டும். விண்ணப்பத்துக்குக் கெடு சில நாட்கள்தான்.