கறுப்பியின் தீனிப்பை

"அம்மா! கோழிக்கு வயித்தால போகுது!"

விடிந்தும் விடியாத நேரம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி மொட்டை மாடியிலிருந்து கத்தினாள். முந்தின நாள்தான் சந்தையில் இரண்டு சிறுவிடைக் கோழிகள் வாங்கி வந்திருந்தோம். ஒன்று கறுப்பி, இன்னொன்று செவலை. இரவு பஞ்சாரத்தைப் போட்டு மூடி வைத்தோம். தூக்கிப் பார்த்தால், சிமெண்ட் தரையெல்லாம் தண்ணீர் தண்ணீராக எச்சம்.

முதல் நாள் இப்படி இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் வெப்பமோ நம்மைவிட அதிகம், சுமார் 41 டிகிரி செல்சியஸ். சந்தை வெயிலில் காலைக் கட்டிப் போட்டிருந்த கோழி, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் வெளியே வரத்தானே செய்யும்? கூடவே பயணப் பயம், புது இடம், புதுத் தீனி. கோழியின் குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பழைய தீனிக்குப் பழகிய அவை புதியதற்குப் பழகச் சில நாள் ஆகும். அதனால் கோழி வாங்கும்போதே, "இதுக்கு என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் அதையே போட்டு, உங்கள் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

மறுநாள் எச்சம் கெட்டிப்பட்டது. ஆனால் யாழினிக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "எச்சத்து மேல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருக்கே, அது என்னம்மா?"

அதுதான் கோழியின் சிறுநீர்! கோழிக்கு நம்மைப்போல் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீரகம் பிரித்தெடுக்கும் கழிவு, யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசைபோல எச்சத்தோடு சேர்ந்தே வந்துவிடும். பழுப்பு நிறக் கட்டி, அதன் மேல் வெள்ளைத் தொப்பி: இதுதான் நலமான கோழியின் எச்சம். இடையிடையே ஒருமுறை, கரும்பழுப்பாக, பிசுபிசுவென்று, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். அதுவும் நோய் இல்லை. கோழியின் குடலோடு இரண்டு குருட்டுக்குடல்கள் ஒட்டியிருக்கும். நார்ச்சத்து அங்கே நுண்ணுயிர்களால் புளிக்கும். அந்தக் குடல்கள் தம்மைக் காலி செய்துகொள்ளும்போது வருவதுதான் அது.

மூன்றாம் நாள்தான் உண்மையான சிக்கல் வந்தது. கறுப்பி தீனியைத் தொடவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நின்றது. பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து கோழியை அக்குளில் இடுக்கி, கழுத்துக்குக் கீழே நெஞ்சுப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். "தீனிப்பை கல்லு மாதிரி இருக்கு. ராத்திரி நெறஞ்சிருக்கணும், விடியறப்ப காலியா இருக்கணும் கண்ணு. இது நேத்துத் தின்னது."

யாழினியும் தொட்டுப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவில், உள்ளே மக்காச்சோளம் நெருடியது. செவலையையும் பிடித்துத் தடவினாள். அங்கே ஒன்றுமே தட்டுப்படவில்லை, வெறும் தோல்.

கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதை அப்படியே விழுங்கும். விழுங்கியது முதலில் தீனிப்பையில் தங்கி ஊறும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அமிலம் சுரக்கும் இரைப்பைக்குப் போகும். அடுத்தது அரைவைப்பை. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருவார்களே, கெட்டியான உருண்டைத் தசை, அதேதான். கோழி மேயும்போது சின்னச் சின்னக் கற்களையும் பொறுக்கி விழுங்கும். அரைவைப்பைத் தசை இறுகி இறுகித் தளர, உள்ளே அந்தக் கற்கள் தானியத்தை மாவாக்கும். வயிற்றுக்குள்ளேயே ஒரு திருகை! 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர அறிவியலாளர்கள், கோழி, வாத்துகளுக்கு உள்ளீடற்ற கண்ணாடிக் குண்டுகளை விழுங்கக் கொடுத்துச் சோதித்தார்கள். அவை உள்ளே பொடிப்பொடியாகிவிட்டன. (நீங்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது. அந்தக் கோழிகளை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.)

இப்போது கறுப்பியிடம் வருவோம். சிமெண்ட் மாடியில் பஞ்சாரத்துக்குள் அடைத்து, முழு மக்காச்சோளத்தைக் கொட்டினோம். பொறுக்கி விழுங்க ஒரு கல் உண்டா அங்கே? இல்லவே இல்லை. தவறு எங்களுடையதுதான்.

கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் தீனிப்பையை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "நல்ல வேளை, முத்தலை. ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. கோழியைத் தலைகீழாப் பிடிச்சு வாந்தி எடுக்க வைக்கிறேன்னு எதுவும் பண்ணிடாதீங்க. தண்ணி மூச்சுக்குழலுக்குள்ள போனா கோழி செத்துடும்" என்றார். தானியத்தை நிறுத்தி, சுத்தமான தண்ணீரும் நீர்க்கக் கரைத்த தீனியும் கொடுக்கச் சொன்னார். அவர் காட்டிய மாதிரியே யாழினி தீனிப்பையை நாளுக்கு நாலைந்து முறை மெதுவாகப் பிடித்துவிட்டாள். ஒரு சட்டியில் குறுமணலும் பொடிக் கல்லும் வைத்தோம். மறுநாள் காலை தீனிப்பை பாதியாகியிருந்தது. அதற்கடுத்த காலை, வெறும் தோல்! யாழினி மாடியில் குதித்த குதியில் செவலை பறந்தே போய்விட்டது.

மேய்ச்சலில் கிடைக்கும் நூல், தேங்காய் நார், நீளமான காய்ந்த புல் இவையும் தீனிப்பையில் சிக்கிக்கொள்ளும். வாசலில் அவற்றைப் போடாதீர்கள்.

சில எச்சங்களைக் கண்டால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. ரத்தம் கலந்து வந்தால் அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் ஒட்டுண்ணி குடல் சுவரை அரிப்பதால் வருவது. குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். ஈரமான தரையில் பெருகிப் பரவும் என்பதால் கூட்டைக் காய்ந்த நிலையில் வையுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்தும் முறுக்கிக்கொண்டால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். எச்சத்தின் வெள்ளைத் தொப்பியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வைரஸ் நோய். ராணிக்கெட் என்ற மலையூரின் பெயராலும் இதை அழைப்பார்கள். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. வருமுன் போடும் தடுப்பூசி ஒன்றே காக்கும். அது கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும்.

ஏற்கெனவே கோழி வளர்ப்பவர்கள் புதுக் கோழியை உடனே மற்றவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். மூன்று, நான்கு வாரம் தனியாக வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி. பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதுக் கோழியிடம் போங்கள். நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் கோழியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் புதுக் கோழி வந்திருக்கிறதா? நாளைக் காலை தீனி வைக்கும் முன்னால் அதை மெதுவாகப் பிடித்து, தீனிப்பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். கல்லைப்போல் இருந்தால் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.