கேட்டு வாங்கிய அம்மாக்கள், கேட்கத் தயங்கும் மகள்கள்

2015 செப்டம்பரில் மூணாறு ஸ்தம்பித்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்த போனஸ், கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்றான பிறகே எழுந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அப்போதுதான்.

ஆனால் அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வளர்ந்து, படித்து, சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிற பெண்கள் சம்பளப் பேச்சு வந்தால் மட்டும் 'நீங்களே பார்த்துப் போடுங்க சார்' என்று முடித்துக்கொள்கிறார்கள்.

வேலை கிடைப்பது இப்போது அவ்வளவு பெரிய மலையில்லை. இந்திய ஐ.டி. துறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள்தான். கேரள-தமிழக எல்லைப்புறத்துப் பெண்ணுக்குச் சிக்கல் தூரம். மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் போடிநாயக்கனூர். 2023 ஜூனில் அங்கிருந்து தொடங்கிய சென்னை ரயிலும் வாரம் மூன்று நாள்தான். பாலக்காட்டுப் பக்கம் தேவலாம். கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ பஸ் ஏறினால் கோவை வந்துவிடலாம். ஆனால் பீளமேடு பக்கத்து டைடல் பார்க்கில் அமெரிக்க கிளையண்டோடு பேசி முடிக்க இரவு பத்தாகும். கடைசி பஸ் அதுவரை காத்திருக்காது. ஆகவே ஹாஸ்டல். பிறகு கல்யாணம், குழந்தை, ராஜினாமா. (இதே எல்லைப் பக்கத்துக் கொழிப்பாறையில்தான் 2015-இல் பாலக்காடு ஐ.ஐ.டி. தற்காலிக வளாகத்தில் தொடங்கியது. படிப்பு எல்லை வரை வந்துவிட்டது, வேலை வரவில்லை.)

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது இந்தத் தூரம் காணாமல் போனது. அது முடிந்ததும் என்ன ஆயிற்று? பெண்கள் வேலையை விடும் விகிதம் ஆண்களுடையதைத் தாண்டிவிட்டது என்று 2023-இல் டி.சி.எஸ். தன் ஆண்டறிக்கையில் எழுதியது. வழக்கமாக அங்கே பெண்கள்தான் ஆண்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ விலகுவார்களாம். வீட்டிலிருந்து செய்த வேலை சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகளை மாற்றிவிட்டிருக்கலாம் என்பது நிறுவனத்தின் ஊகம்.

விலகுவதற்கு முன், வேண்டியதைக் கேட்டால் கிடைக்குமா? 1974-இல், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று டாடா குழுமத்தின் டெல்கோ நிறுவனம் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்துப்போன பொறியியல் மாணவி சுதா மூர்த்தி, ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு போஸ்ட் கார்டு போட்டார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அந்தத் தொழிற்கூடத்தின் முதல் பெண் இன்ஜினியர் ஆனார். எல்லோருடைய கார்டுக்கும் பதில் வராதுதான். போடாத கார்டுக்கு எப்படி வரும்?

இன்று கேட்பதற்குச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். விடுப்புக்குப் பின், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், வீட்டிலிருந்து பணியாற்ற இருதரப்பும் பேசி முடிவெடுக்கவும் வழியுண்டு. ஹெச்.ஆர். தானாக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம்.

வேலையில் இடைவெளி விழுந்துவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. சோஹோவின் 'மறுபடி', டி.சி.எஸ்.ஸின் 'ரீபிகின்' இரண்டும் அப்படி நின்றுபோனவர்களுக்கானவை. ரெஸ்யூமில் அந்த ஆண்டுகளை மறைக்க வேண்டாம். காரணத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு, புதிதாகக் கற்றதை அதன் கீழே போடலாம்.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) எண்ணைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும், ஷிஃப்ட் எப்போது முடியும், ஆபீஸ் கேப் எத்தனை கிலோமீட்டர் வரை வரும், எல்லையிலிருக்கும் வாளையாற்றைத் தாண்டுமா என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.