நானோ திரவ வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலையியலும்: புரத அடையாளங்காணலில் திறனும் வரம்பும்

முன்னுரை

உயிரணுவில் மிகக் குறைந்த அளவில் உள்ள புரதங்களை அடையாளங்காண நானோ திரவ வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலையியலும் இணைந்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. இம்முறையின் உணர்திறன் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும், அதன் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்முறை

புரதக் கலவை முதலில் டிரிப்சின் நொதியால் செரிக்கப்படுகிறது. இந்நொதி லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்துப் புரதத்தை வெட்டுவதால் சிறு பெப்டைடுகள் கிடைக்கின்றன. நீர்வெறுப்புத் தன்மை கொண்ட துகள்கள் நிரப்பிய நுண்குழலில் இவை பிரிக்கப்படுகின்றன. கரைப்பானில் அசிட்டோநைட்ரைலின் விகிதம் படிப்படியாக உயர, பெப்டைடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, மின்தெளிப்பின் வழி அயனிகளாகி நிறைமானியை அடைகின்றன. அங்கு முழுப் பெப்டைடின் நிறை-மின்சுமை விகிதம் அளக்கப்படுகிறது. பின்னர் அது உடைக்கப்பட்டு, துண்டுகளின் விகிதங்களும் அளக்கப்படுகின்றன.

நுண்ணளவின் பயன்

வழக்கமான குழலின் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர், பாய்வு வீதம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். நானோ முறையில் இவை பொதுவாக 75 மைக்ரோமீட்டராகவும் 300 நானோலிட்டராகவும் குறைகின்றன. குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 3,700 மடங்கு சுருங்குவதால், அதே அளவு மாதிரி கோட்பாட்டளவில் அத்தனை மடங்கு செறிவுடன் வெளியேறும். மின்தெளிப்பின் துளிகளும் மிகச் சிறியனவாதலால் அயனியாக்கம் திறம்பட நிகழ்கிறது.

அடையாளங்காணலின் வரம்பு

கருவி காண்பது பெப்டைடுகளையே. புரதம் என்பது தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு நாம் பெறும் ஊகம். ஒரே பெப்டைடு பல புரதங்களில் இடம்பெறலாம். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறையுடையவை. உணர்திறன் மிகுந்த கருவி, ஆய்வாளரின் தோலிலிருந்து உதிரும் கெரட்டினையும் முந்தைய மாதிரியின் எச்சத்தையும் தவறாது பதிவு செய்யும்.

இதற்குத் தக்க சான்று, 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வாகும். 6.8 கோடி ஆண்டுப் பழமையான டைரனோசாரஸ் ரெக்ஸ் எலும்பில் கொலாஜன் பெப்டைடுகள் கிடைத்ததாக ஜான் அசாரா, மேரி ஷ்வைட்சர் உள்ளிட்டோர் அறிவித்தனர். நிறமாலைகளின் புள்ளியியல் நம்பகத்தன்மை 2008இல் கேள்விக்குள்ளானது. அவை தீக்கோழிப் புரதத்தின் மாசாக இருக்கலாம் என்ற ஐயமும் பின்னர் எழுப்பப்பட்டது. இங்கு விவாதம் கருவியின் உணர்திறன் பற்றியதன்று. கிடைத்த குறிகை எதிலிருந்து வந்தது என்பதைப் பற்றியதே.

முடிவுரை

எனவே வெற்று மாதிரி ஓட்டம், பொய்த் தரவுத்தளத்தின் வழி தவறான கண்டறிதல் வீதத்தை (வழக்கமாக 1 விழுக்காடு) மதிப்பிடல், ஒரு புரதத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெப்டைடுகளைக் காட்டல் ஆகியவை துணைச் சடங்குகள் அல்ல; முடிவின் உறுப்புகளாகும். அளக்கும் அளவு சுருங்கச் சுருங்க, சான்றை நிறுவும் பொறுப்பு பெருகுகிறது.